வண்டிக்கு ஒரு கருப்புப் பலகை

இருட்டு ரயில் என்று யாராவது பேச்சை எடுத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். பிள்ளைகள் விளையாடுகிற சமாசாரம், இதற்குப் போய் இத்தனை வருஷமாகக் கோபமா என்று என் வீட்டுக்காரர் கேட்டிருக்கிறார். அவர் கேட்கலாம். இந்தக் கதையில் அவரும் ஒரு ஆள்தான், கடைசியில் வருகிறார்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சேர்ந்தேன். எனக்குக் கொடுத்தது ஜோடி பார்க்கிற மேஜை. தைத்து வருகிற மேல்பாகங்களில் இடது காலையும் வலது காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நிறம் ஒத்துப்போகிறதா, தோலின் வரி ஒத்துப்போகிறதா, தையல் ஒரே உயரத்தில் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எங்கள் லைனில் இது ஒருத்தி செய்கிற வேலை இல்லை. இடது காலை நான் எடுப்பேன். வலது காலை எதிரில் இருப்பவள் எடுப்பாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விளக்குக்குக் கீழே நீட்டுவோம். ஒற்றைக் காலை மட்டும் பார்த்து நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டால், அன்றைக்கு சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

எனக்கு எதிரில் வலது கால் பார்த்தவள்தான் என் சிநேகிதி. வீட்டில் உருது பேசுவாள், எங்களோடு தமிழ், கோபம் வந்தால் இரண்டும். அப்பா இறந்து, அண்ணன் சொன்னதுதான் வீட்டில் நடந்தது. அவளுக்கு வாய் ஜாஸ்தி என்று லைனில் எல்லோரும் சொல்வார்கள். எனக்கும் ஜாஸ்திதான், அதனால் ஒத்துப்போனோம்.

தோல் ஓரத்தை மடித்து ஒட்டுகிற மடிப்பு மேஜையில் ஒரு அக்கா இருந்தார். அவருடைய கொழுந்தனுக்கு தச்சு வேலை. சென்னைப் பக்கம் ஒரு தீம் பார்க்கில் அவருக்கு வேலை கிடைத்திருந்தது. ஒரு நாள் சாப்பாட்டு ஹாலில் அக்கா டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே சொன்னார்: "இருட்டுக்குள்ள ரயிலு ஒண்ணு உடப் போறாங்களாம். ஒரு தடவ போனா ஒண்ணு தெரியுமாம். மறுபடி போனா வேற தெரியுமாம். மாறிக்கினே இருக்குமாம். எப்படின்னு வெளிய சொல்லக் கூடாதுன்னு கட்டளையாம்."

எப்படி என்று சொல்லக்கூடாது என்றால் போதாதா? அன்றையிலிருந்து எங்கள் ஹாலில் வேறு பேச்சே இல்லை. அதுவரை யாருமே நேரில் பார்த்திராத ஒரு ரயிலுக்கு எங்களில் பத்துப் பதினைந்து பேர் பைத்தியமாகிவிட்டோம். கிரிக்கெட் ரசிகர்கள் எதிர் டீமைப் பற்றிப் பேசுவார்களே, அப்படிப் பேசினோம். தோல் பதனிடுகிற ஷாப்பில் அப்பா வேலை பார்த்த ஒரு பெண், ரயில் அப்படியே நிற்கும், ரூம்தான் தோலைப் போட்டுச் சுற்றுகிற டிரம் மாதிரி சுற்றும், அதனால்தான் ஒவ்வொரு தடவையும் வேறாகத் தெரிகிறது என்றாள். இன்னொருத்தி அதை ஒப்புக்கொள்ளவில்லை. "அதெல்லாம் ஒண்ணும் கிடையாது. வேலூர் கோட்டை மைதானத்துல பொருட்காட்சி போடுவாங்கள்ல, அங்க பேய் வீட்டுல ஒரே ஆளு மூணு மாஸ்க் மாட்டிக்கினு வருவான். அதே கதைதான்" என்றாள். கட்டிங் செக்‌ஷன் ஆண்கள் பக்கத்து வரிசையில் உட்கார்ந்து, வண்டியில் ஏறுகிறவன் முகத்தை கேமரா பார்த்து, பயந்தவனுக்கு ஒரு பொம்மை, பயப்படாதவனுக்கு ஒரு பொம்மை காட்டும் என்றார்கள். பயப்படாதவன் என்று சொல்லும்போது எல்லோருமே தங்கள் நெஞ்சைத்தான் தொட்டுக்கொண்டார்கள்.

பிறகு ஒரு நாள் அக்கா இன்னொரு சேதி கொண்டுவந்தார். கொழுந்தன் வேலை என்ன என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாராம். ஒரு மாதமாகப் பலகை அறுக்கிறாராம். நிற்கிற ஆளின் தோள் உயரத்துக்கு ஒரு பலகை, இரண்டு பக்கமும் கருப்பு பெயின்ட். வண்டி எத்தனையோ, பலகை அத்தனை.

"முதுகு சாயறதுக்கு" என்றாள் ஒருத்தி.

"இல்லடி. ஆம்பள பொம்பள பக்கத்துல உக்காந்தா கைய கிய்ய வெக்கக் கூடாதுன்னு நடுவுல போடறாங்க" என்றார் அக்கா. எல்லோரும் சிரித்தோம். அக்கா சொன்ன அந்த வார்த்தையை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

என் சிநேகிதி மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து போய் ஒரு ஷூ டப்பாவின் மூடியைக் கொண்டுவந்தாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் மேஜை மேல் நிறுத்தினாள். என் பக்கம் ஊறுகாயைத் தள்ளி வைத்தாள், அவள் பக்கம் அவித்த முட்டையை வைத்துக்கொண்டாள்.

"இன்னா தெரியுது?"

"ஊறுகா."

"எனக்கு முட்ட. ஒரே மேஜதான? ஒரே நேரம்தான? லெஃப்ட்ல உக்காந்தவளுக்கு ஒண்ணு காட்றான், ரைட்ல உக்காந்தவளுக்கு வேற ஒண்ணு காட்றான். மறுபடியும் போனா சீட்டு மாறி உக்கார்றோம். மாறிட்ச்சுன்னு வெளிய வந்து கத்தறோம். அவ்ளோதான்."

ஹாலில் எல்லோரும் ஒரே நேரத்தில் சண்டைக்கு வந்தார்கள். டிரம்காரி விடவே இல்லை. ஆனால் எனக்கு மனதுக்குள் உறுதியாகிவிட்டது. ஜோடி பார்க்கிறவளுக்குத்தான் இது தோன்றும். இடது ஒன்று, வலது ஒன்று, இரண்டையும் சேர்த்துப் பார்க்காதவனுக்கு எதுவும் தெரியாது.

அந்த வருஷம் கம்பெனி டூர் அதே தீம் பார்க்குக்கு என்று சொன்னார்கள். நாங்கள் இரண்டு பேரும் அன்றைக்கே திட்டம் போட்டுவிட்டோம். மேஜையில் உட்காருகிற மாதிரியே நான் லெஃப்ட், அவள் ரைட். உள்ளே கத்தக்கூடாது, கண்ணை மூடக்கூடாது. வெளியே வந்ததும் முதலிலிருந்து கடைசி வரை ஒத்துப் பார்க்க வேண்டும்.

அவளுக்கு அது விளையாட்டு இல்லை. ரம்ஜானுக்குப் பிறகு அவளுக்குக் கல்யாணம். பேரணாம்பட்டில் மாப்பிள்ளை வீடு. கல்யாணம் ஆனால் வேலைக்கு அனுப்பமாட்டோம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். வேலை இல்லை என்றால் டூர் இல்லை, டூர் இல்லை என்றால் எங்கே போவது? அண்ணன் முதலில் டூருக்கே முடியாது என்றான். அவள் சாப்பிடாமல் கிடந்து, அழுது, அம்மாவைப் பிடித்து, கடைசியில் கம்பெனியில் ஆள் எடுக்கிற பர்சனல் ஆபீசரே அவள் வீட்டுக்கு வந்து அண்ணனிடம் பேசின பிறகுதான் சரி என்றான்.

எங்கள் பக்கம் அது ஒரு வழக்கம். கம்பெனிக்குப் பெண்பிள்ளைகள் வேண்டுமென்றால் ஆபீசர் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து வாக்கு கொடுக்க வேண்டும். "என் பொண்ணு மாதிரி பாத்துக்கறேன், வாசல்ல ஏத்தி வாசல்ல எறக்கி உடறேன்" என்று சொல்லுவார். கம்பெனி பஸ் அதற்காகவே ஒவ்வொரு தெருமுனையிலும் நிற்கும். அந்த வாக்கை நம்பித்தான் எங்கள் வீடுகள் எங்களை அனுப்பின. அந்த வாக்கு இல்லாவிட்டால் நான் சம்பளமே பார்த்திருக்கமாட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

"இந்த ஒண்ணு மட்டும் பாத்துட்டேன்னா போதும்டி. அப்புறம் எங்க வேணா கட்டிப் போடட்டும்" என்று அவள் பஸ்ஸில் என் காதில் சொன்னாள். விடியற்காலையில் கிளம்பி, பிரியாணி அண்டாவைக் கடைசி சீட்டில் ஏற்றிக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டு போனோம். பெண்களுக்கு ஒரு பஸ், ஆண்களுக்கு ஒரு பஸ். வழி முழுக்க அவள் என்னிடம் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தாள். முதலில் எந்தப் பக்கம் திரும்பும், வெளிச்சம் வந்தால் எதைப் பார்ப்பது, சத்தம் எந்தக் காதில் வருகிறது என்று கவனிப்பாயா?

இருட்டு ரயிலுக்கு வாசல் ஒரு குகை மாதிரி இருந்தது. சிமென்ட் பாறைக்குள் வரிசை நுழைந்து மறைந்தது. வண்டி வெளியில் தெரியவில்லை. நாங்கள் இரண்டு பேரும் ஓடிப் போய் முன்னால் நின்றோம். ஆபீசர் கையைக் குறுக்கே நீட்டினார்.

"லேடீஸ் இதுல ஏறக் கூடாது. ராட்டினம், படகு, எல்லாம் போங்க. இது வேணாம்."

"ஏன் சார்?" என்றேன்.

"இருட்டுமா. உங்க வீட்டுக்கு நான் வாக்கு குடுத்திருக்கேன். நாளைக்கு ஒண்ணுன்னா எவன் பதில் சொல்றது?"

"சார், நானும் இவளும்தான் சார் உக்காரப் போறோம். ரெண்டும் பொண்ணுங்க. இதுல இன்னா சார் ஆவப் போவுது?" என்று என் சிநேகிதி கேட்டாள்.

"இருட்டுல யாரு பக்கத்துல யாருன்னு எவன் பாத்தான்? உங்கண்ணன் கிட்ட பேசனது நான்மா. நீயே இப்படிக் கேட்டா எப்படி?"

அந்த வார்த்தை மூஞ்சியில் அடித்த மாதிரி இருந்தது. நாங்கள் எதற்காக இருட்டுக்குள் போகிறோம் என்று நினைத்துக்கொண்டார் இந்த மனுஷன்? மாதக்கணக்காக ஒரு பலகையைப் பற்றி யோசித்துவிட்டு வந்திருக்கிறோம். அவர் மண்டைக்குள் ஓடியதோ வேறு ஒன்று. அந்த அசிங்கம் அவர் தலையில் இருந்தது, தண்டனை எங்களுக்கு.

நான் சத்தம் போட்டேன். வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற மாதிரியே போட்டேன். "அப்ப ஜென்ட்ஸும் போவக் கூடாது சார். இருட்டு அவங்களுக்கு மட்டும் வெளிச்சமா?" என்றேன். ஆபீசர் என்னிடம் பேசவில்லை. பின்னால் நின்ற பெண்களைப் பார்த்து, "இந்த மாதிரி பேசிக்கினு இருந்தா அடுத்த வருஷம் டூரே கிடையாது" என்றார். உடனே நாலு பேர் என் கையைப் பிடித்து இழுத்தார்கள். பேஜார் பண்ணாதே, இருக்கறதும் போயிடும் என்றார்கள். அவர்கள் மேல் எனக்கு வந்த கோபம் ஆபீசர் மேல் வந்ததைவிடக் கம்மி இல்லை. ஆனால் அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. வருஷத்தில் ஒரு நாள் வெளியே வருகிறவர்கள், அந்த ஒரு நாளையும் பணயம் வைப்பார்களா?

கட்டிங் செக்‌ஷன் ஆண்கள் எங்களைத் தாண்டி உள்ளே போனார்கள். எல்லோருக்கும் பின்னால் ஆபீசரும் போனார். நாங்கள் இரண்டு பேரும் வேலி ஓரமாக நின்றோம். உள்ளேயிருந்து கத்துகிற சத்தம் வந்தது. அவள் ராட்டினத்துக்கும் வரவில்லை, படகுக்கும் வரவில்லை. பிரியாணியையும் தொடவில்லை.

சாயங்காலம் திரும்பும்போது ஆண்கள் பஸ் ராணிப்பேட்டை தாண்டி பஞ்சராகி, பாதிப் பேரை எங்கள் பஸ்ஸில் ஏற்றினார்கள். காலையில் பக்கத்தில் உட்காரக் கூடாதவர்கள், இப்போது எங்கள் சீட்டுகளுக்கு நடுவே கம்பியைப் பிடித்துக்கொண்டு இடித்துக்கொண்டு நின்றார்கள். வாக்கு அப்போது எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை.

என் சிநேகிதி எழுந்தாள். முன்னால் நின்றவனிடம், "நீ லெஃப்ட்ல உக்காந்தியா, ரைட்லயா?" என்று கேட்டாள்.

"ரைட்டு."

"இன்னா பாத்த?"

"பேய் ஒண்ணு வந்துச்சு. பெரிசு."

"எந்தப் பக்கம் இருந்து?"

"அது... மேல இருந்து."

அடுத்தவனும் ரைட்தான். அவன் பாம்பு என்றான். மூன்றாவது ஆள் ரைட், அவன் புலி என்றான். லெஃப்டில் உட்கார்ந்தவர்களும் அப்படியே ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். "பாத்தியா, நெஜமாவே மாறுது" என்று டிரம்காரி கை தட்டினாள். என் சிநேகிதி கை தட்டவில்லை. மேஜையில் ஒரு குறையைப் பிடித்தால் அவள் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

"நடுவுல பலக இருந்துச்சா?"

"இருட்டுல இன்னா தெரியும்?" என்றான் ஒருவன். இன்னொருவன் சிரிப்பை அடக்க முடியாமல், "சாரு உள்ள போனதும் கர்சீப் எடுத்து மூஞ்சில போட்டுக்கினாரு" என்றான். அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. இவன் கண்ணை மூடிக்கொண்டான், அவன் முட்டிக்கு நடுவில் தலையை வைத்துக்கொண்டான். பேய், பாம்பு, புலி எல்லாம் வாயில் வந்ததுதான். நெஞ்சைத் தொட்டுக்கொண்டவர்களில் ஒருத்தன்கூடக் கண்ணைத் திறக்கவில்லை.

"கண்ண மூடிக்கினு போறவனுக்கெல்லாம் சீட்டு. கண்ணத் தொறந்து வெச்சிக்கினு இருக்கறவ வெளிய நிக்கணும்" என்று அவள் சொன்னாள். முன் சீட்டில் ஆபீசர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆம்பூரில் தெருமுனையில் பஸ் நின்றது. அண்ணன் காத்திருந்தான். ஆபீசர் இறங்கி, சொன்னபடி அவளை அண்ணன் கையில் ஒப்படைத்தார். வாக்கைக் காப்பாற்றிவிட்ட நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது. எனக்குக் கையில் கிடைத்ததை எடுத்து அடிக்க வேண்டும்போல் இருந்தது.

ரம்ஜானுக்குப் பிறகு அவள் போய்விட்டாள். மேஜையில் வலது காலுக்கு வேறு ஒரு பெண் வந்தாள். நல்ல பெண்தான். ரயிலைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது.

சில வருஷம் கழித்து எனக்கும் கல்யாணமாகி, வேலூர் பக்கம் பாகாயத்துக்கு வந்தேன். வீட்டுக்காரருக்கு ஆபீஸ் வேலை. தங்கமான மனுஷன், அதை மறுக்க முடியாது. ஒரு தடவை சர்ச்சிலிருந்து குடும்பங்களை டூர் கூட்டிக்கொண்டு போனார்கள். அதே தீம் பார்க். இந்தத் தடவை குறுக்கே கை நீட்ட யாரும் இல்லை. புருஷனோடு போனால் இருட்டு யாருக்கும் பிரச்சினை இல்லை.

குகைக்குள் போனதும் அந்த மங்கல் வெளிச்சத்தில் கண்ணை விரித்து வண்டியைப் பார்த்தேன். இரண்டு சீட்டு. நடுவில், உட்கார்ந்தால் தலை மறைகிற மாதிரி, ஆளின் தோள் உயரத்துக்கு ஒரு பலகை, இரண்டு பக்கமும் கருப்பு பெயின்ட்.

என் சிநேகிதி சொன்ன பலகை. அது மட்டுமா, அக்கா சிரிக்கச் சிரிக்கச் சொன்ன பலகையும் அதுதானே? பக்கத்தில் இருப்பவர் விரல் நுனிகூடப் படாது. எங்கள் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று அந்த மனுஷன் எங்களை வெளியே நிறுத்தினாரே, உள்ளே நடுவில் சுவரே வைத்திருந்தார்கள். அவரும் அந்த வண்டியில்தான் போனார். கர்சீப்பை எடுத்திருந்தால் பார்த்திருக்கலாம்.

நான் லெஃப்டில் உட்கார்ந்தேன். வீட்டுக்காரர் ரைட்டில், அவள் இடத்தில். வண்டி இருட்டுக்குள் போனது. என் பக்கம் ஒரு தெரு வந்தது. வரிசையாக வீடுகள், ஒவ்வொரு கதவாகத் திறந்து உள்ளே விளக்கு எரிந்தது. ஒரு ஜன்னலில் யாரோ துணி உதறினார்கள். பேயும் இல்லை, பாம்பும் இல்லை. பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர்ச் சத்தம் வந்தது. பலகையின் மேல் விளிம்பில் நீல வெளிச்சம் ஆடியது. அங்கே வேறு ஒன்று ஓடுகிறது! நான் ஒன்றையும் விடாமல் பார்த்தேன். வெளியே வந்ததும் அவர் சட்டையைப் பிடிக்காத குறையாக, "உங்க பக்கம் இன்னா தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"தல சுத்திச்சு. கண்ண மூடிக்கினேன்."

அந்த இடத்தில் நான் கத்தினதை சர்ச்காரர்கள் இன்னும் மறந்திருக்கமாட்டார்கள். இன்னொரு தடவை போகலாம் என்றால் வரிசை வாசல் தாண்டி நின்றது, பஸ் கிளம்புகிறது என்றார்கள். அங்கேயே நின்று வீட்டுக்காரர் செல்போனை வாங்கி பேரணாம்பட்டுக்குப் போட்டேன். அவள் நம்பர் எனக்கு மனப்பாடம்.

"பலக இருக்குதுடி. நீ சொன்னதுதான். ரெண்டு பக்கமும் வேற வேற."

அந்தப் பக்கம் ஒரு கூச்சல். யாரோ என்ன என்ன என்று கேட்பது காதில் விழுந்தது. அப்புறம் அவள் கேட்டாள். "லெஃப்ட்ல இன்னா? முதல்ல இருந்து சொல்லு." சொன்னேன். வீடு வீடாகச் சொன்னேன். "சரி, ரைட்ல?"

"அவருதான் உக்காந்தாரு. கண்ண மூடிக்கினாரு."

அவள் உருதுவில் என் வீட்டுக்காரரை ஏதோ சொன்னாள். எனக்கு அர்த்தம் புரிந்தது, இங்கே எழுத முடியாது. "ஒத்தக் கால பாத்துட்டு பாஸ் போட்டுட்டு வந்திருக்கியேடி" என்றாள். சிரிக்கிறாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

அடுத்த வருஷம் நாம் இரண்டு பேருமே போகலாம் என்று முடிவு செய்தோம். அவள் வீட்டில் கேட்டாள். மாமியார், புருஷன் என்று ஒவ்வொருவரிடமாகக் கேட்டு, பிள்ளைகள் பரீட்சை முடியட்டும், நாத்தனார் பிரசவம் முடியட்டும் என்று அவர்கள் தள்ளிப்போட்டும் விடாமல், ஒரு வழியாகச் சரி என்று வாங்கினாள். நான் தீம் பார்க்குக்கு போன் செய்து கேட்டேன். இருட்டு ரயிலை எடுத்துவிட்டு அங்கே பனி வீடு கட்டுகிறார்களாம்.

வலது பக்கம் என்ன இருந்தது என்று அவள் இன்றைக்கும் போனில் கேட்பாள். தண்ணீர்ச் சத்தம், நீல வெளிச்சம், அதற்குமேல் எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் ஒரு பஸ் நிறைய ஆண்கள் அந்தப் பக்கம் உட்கார்ந்து போயிருக்கிறார்கள். ஒருத்தனும் பார்க்கவில்லை.